அவள் சொன்னதாக நான் சொன்னது

பத்தாம் வகுப்புக்கு டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றச் சொல்லிக்கொடுக்கும் வாரத்தில் யாரும் என் பக்கம் வரமாட்டார்கள். பரீட்சையில் அதற்கு இரண்டே மார்க். அந்த இரண்டு மார்க்கைச் சாக்காக வைத்து எத்தனை பிள்ளைகளின் விரல் முட்டிகளை மர ஸ்கேலின் விளிம்பால் வீங்க வைத்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகு ஸ்கேலை மேசைக்குள் போட்டுவிட்டுச் சாக்பீஸ் எறிந்தேன். அதையும் விட்ட பிறகு வாயால் அடித்தேன். வாயால் அடிப்பதில் எனக்கு ஈடு கிடையாது.

அடித்து வளர்க்கும் வீட்டில் பிறந்தவள் நான். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போக வேண்டிய ஊர். நாலு தலைமுறையாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; நாலு தலைமுறையாக விவசாயம். 'அடியாத மாடு படியாது' என்று சொல்லிக்கொண்டே அப்பா இடுப்பு வாரை உருவுவார். அக்கா பத்தாவதில் இங்கிலீஷில் தவறிய அன்று வாரின் பக்கிள் அவள் முதுகில் பதிந்தது. அதற்குப் பிறகு அவள் புத்தகத்தைத் தொடவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்ட நான் வெறிபிடித்தவள் மாதிரி இங்கிலீஷ் படித்தேன். அவள் வாங்கிய அடியில் நான் டீச்சர் ஆனேன்.

பாடம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வது. மேற்கோள் குறியை எடு. 'நான்' என்பதை 'அவள்' ஆக்கு. 'இன்று' என்பதை 'அன்று' ஆக்கு, 'இங்கே' என்பதை 'அங்கே' ஆக்கு. காலத்தை ஒரு படி பின்னால் தள்ளு. பாடப்புத்தகத்தில் ஒரு சிறுமி எனக்கு மாம்பழம் பிடிக்கும் என்பாள், ஒரு விவசாயி நாளை மழை வரும் என்பார். அந்தப் புத்தகத்தில் யாரும் யாரையும் கொன்றுவிடுவேன் என்று சொல்வதில்லை. எங்கள் பக்கம் சோறு குழைந்தாலே அதைச் சொல்வார்கள்.

அக்காவைக் காரைக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தானுக்குப் பழைய சாமான் கடை. இடிபடும் செட்டிவீடுகளிலிருந்து கதவு, தூண், பீங்கான் சாடி, எனாமல் தட்டு, பூட்டு என்று வாங்கிவந்து சுத்தம் செய்து விற்பார். புளி போட்டு அவர் பித்தளையைத் தேய்ப்பதைப் பார்த்தால் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார் என்றே தோன்றும். எனாமல் தட்டில் ஒரு சில் பெயர்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அக்காவின் கன்னத்தில் ஒன்று, முதுகில் ஒன்று என்று போடுவார் என்பதும் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதையெல்லாம் அடி என்றே சொல்வதில்லை.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா முந்தின வருஷம்தான் இறந்திருந்தார். எங்கள் சனத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று ஊர் கேட்க வாசிப்பது. மூன்றாவது ஓலை தாண்டும்வரை பெண்ணைப் பெற்றவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு இரண்டு மடங்கு அடித்தது.

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் ஒரு வயது மகளோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சொந்தக்காரர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அடுப்படியில் கறியைக் கிளறிக்கொண்டே அக்கா என் காதில் சொல்லிச் சிரித்தாள். என் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து இட்லி தின்றதை அத்தான் வீட்டில் கேலி செய்தாராம். "யார்ட்டயும் சொல்லிறாதடி," என்றாள்.

நான் சொல்லாமல் இருப்பேனா? எங்கள் பக்கம் கொழுந்தியாள் அத்தானைக் கேலி செய்வது உரிமை. கேலி செய்யாவிட்டால்தான் என்னமோ ஏதோ என்று நினைப்பார்கள். ரசம் ஊற்றப் போன இடத்தில் பந்தி கேட்கச் சத்தமாகக் கேட்டேன்.

"என்ன அத்தான், எங்க மாப்பிள்ள வீட்டாக பொண்ணு பாக்க வந்தாகளா, பஞ்சம் பொழைக்க வந்தாகளான்னு கேட்டீகளாமே? அவுக தின்ன இட்லிய எண்ணிக்கிட்டே இருந்தீகளாமே?"

பந்தியே சிரித்தது. அத்தானும் சிரித்தார்.

"யாரு சொன்னா?"

"ஒங்க வீட்டு ரேடியோதேன்."

அதற்கும் சிரித்தார். இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். கை கழுவினார். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்க்காமலேயே "கெளம்பு" என்றார். அடுப்படி வாசலில் நின்ற அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த இலைக்கு ரசம் ஊற்றப் போனேன்.

சாயங்காலம் அக்காவின் பக்கத்து வீட்டு அம்மாள் போன் செய்தார். "ஒங்க அக்காளுக்குக் காதுல ரத்தம் நிக்கல. ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. புள்ள எங்கிட்டத்தேன் இருக்கு. வெரசா வாங்க."

அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். பிள்ளையைத் தூக்கிக்கொள்ள அம்மா அக்கா வீட்டுக்குப் போவது, நான் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று ஏற்பாடு. இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். "போலீசு கேசாக்கிறாதடி. வார ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓல இருக்கு." நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அக்கா குளிக்கிற துண்டை இடது காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துண்டு பாதி சிவப்பு. இடது தாடை வீங்கி வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. அத்தான் வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன்.

"எதால அடிச்சாக?"

"பூட்டாலடி."

கடையில் விற்பதற்காகத் தேய்த்து வைத்திருந்த, ஒரு கைக்குள் முழுசாக அடங்காத பழைய பூட்டு. அதை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு அடித்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அக்கா வாயைத் திறக்க முடியாமல் திறந்து சொன்னாள்: "ரேடியோவா நீ, இந்தா அமத்துறேன்... இந்தா அமத்துறேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாக."

ரேடியோ என் வாய் போட்ட சொல். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன் வாயால் தான் கெடும். என் வாயால் கெட்டது அக்கா. இதை அந்த நிமிஷமே உணர்ந்தேன். உணர்ந்தவள் அடுத்து என்ன செய்தேன் என்பதுதான் சொல்ல வேண்டியது.

நர்ஸ் வந்து துண்டை விலக்கிப் பார்த்தார். "யாராச்சும் அடிச்சாகளா, விழுந்தாகளா? அடிச்சாகன்னா அவுட்போஸ்ட் போலீசுக்குச் சொல்லி விடணும்," என்றார். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். சின்ன வயது. பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல தமிழில், அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். "என்னம்மா ஆச்சு?"

அக்கா வாயைத் திறந்தாள். வீக்கத்தில் அது திறக்க நேரமானது. நான் முந்திக்கொண்டேன்.

"ஷீ செட் தட் ஷீ ஹேட் ஸ்லிப்ட் இன் தி பாத்ரூம், சார்."

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டதாக அவள் சொன்னாள். இங்கிலீஷில் எதற்காகச் சொன்னேன்? அக்காவுக்குப் புரியக் கூடாது என்பதற்காக. காலம் பிசகவில்லை, வார்த்தை பிசகவில்லை. ஒரு மாணவி எழுதியிருந்தால் இரண்டு மார்க்கையும் முழுசாகப் போட்டிருப்பேன். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க டீச்சரா?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்புறம் எழுதினார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி தனக்காக இங்கிலீஷில் வாதாடுகிறாள் என்று அவள் நினைத்தாள்.

தையல் போட்டு வார்டில் படுக்கவைத்த பிறகு கேட்டாள். "எல்லாத்தயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"பூட்டுன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"போலீசு வரலயேடி?"

"எழுதி வச்சுக்கிட்டாக. வேணுங்கிறப்ப எடுத்துக்கலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை மறைக்க மாட்டேன், நிம்மதிதான் வந்தது.

இரண்டாவது ஓலை வாசித்தார்கள். மூன்றாவதும் வாசித்தார்கள். தடை சொல்ல ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் கல்யாணத்தில் அக்கா காதுப் பஞ்சு தெரியாமல் இருக்க மல்லிகைச் சரத்தை இடப்பக்கமாகத் தொங்கவிட்டிருந்தாள். வந்த சனமெல்லாம் "குளிக்கிற எடத்துல விழுந்துட்டாளாம்ல" என்று பரிதாபப்பட்டது. பூட்டைப் பிடித்த அதே கையால் அத்தான் பந்தியில் பாயசம் பரிமாறினார். நான் இலையில் வாங்கிக் குடித்தேன்.

அந்தக் காது போனது போனதுதான். அதற்குப் பிறகு அக்கா என்னோடு எங்கே உட்கார்ந்தாலும் என்னை வலது பக்கம் உட்காரவைப்பாள். பஸ்ஸில், கோயிலில், சாவு வீட்டில், எல்லா இடத்திலும். 'இங்குட்டு வாடி, ஒன் பேச்சு எனக்குக் கேக்கணும்' என்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஓங்கி ஓர் அறை விழும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஸ்கேலை எடுப்பேன். ஒரு வருஷம் கரும்பலகையில் ஷீ செட் என்று எழுதிவிட்டு மேலே எழுத ஓடாமல் நின்றேன். பின்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவள் முட்டியில் அடித்த அடியில் ஸ்கேல் இரண்டாக உடைந்தது. அந்தப் பிள்ளை இன்றைக்கும் காரைக்குடிக் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

அதற்குப் பிறகும் அக்கா பன்னிரண்டு வருஷம் அவரோடு இருந்தாள். எப்படி இருந்தாள் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் ஓர் எழுத்து இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தாள். ஊருக்குச் சொன்னது வேறு, அங்கே எழுதியது வேறு என்று நம்பினாள். என்றைக்குத் தாங்க முடியாமல் போகிறதோ அன்றைக்கு அதை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவளே என்னிடம் எத்தனையோ தடவை இதைச் சொல்லியிருக்கிறாள். ஆமாம் ஆமாம் என்று நான் தலையாட்டியிருக்கிறேன்.

போன வருஷம் கடையில் ஓர் இரும்புப் பட்டை போட்ட பெட்டகத்தை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மூடியை இழுத்து அவள் கையின் மேல் சாத்தினார். சாத்திவிட்டு மூடியின் மேல் உட்கார்ந்தார். இரண்டு விரல் நொறுங்கியது. ஆஸ்பத்திரிக்கு விடவில்லை, எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் அவரே கூட்டிப் போய்க் கட்டுப் போட்டுவந்தார். காகிதம் எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து அக்கா கட்டிய சேலையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மகளை அவர் விடவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை, அந்தக் கைகளோடு ஒரே வீட்டில் தனியாக.

அக்கா வழக்குப் போட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மகள் தன்னிடம் வர வேண்டும். அவர் அடிக்கிற ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று வக்கீலம்மா கேட்டபோது அக்கா யோசிக்கவே இல்லையாம். "ஆஸ்பத்திரில எழுதி வச்சிருக்காக. எந் தங்கச்சி இங்கிலீஷ்ல சொல்லி எழுத வச்சா," என்று தேதியோடு சொல்லியிருக்கிறாள். வக்கீலம்மா மனுப்போட்டு நகலை வாங்கிக் கோர்ட்டிலும் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் நிதானமாக வாசித்திருக்கிறார். நான் சாட்சி சொல்லவேண்டிய நாளுக்கு முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதுல வேற மாதிரில்ல இருக்கு டீச்சர்?"

டாக்டர் தப்பாக எழுதியிருப்பார் என்றேன். அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். எனக்கு மறுபடியும் அந்தப் பழைய நிம்மதி வந்தது. சீ என்று இருந்தது.

மறுநாள் கூண்டில் ஏறினேன். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கையைக் கட்டி நின்றார். அக்கா பெஞ்சின் ஓரத்தில், வலது காது என் பக்கம் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் பிரித்த விரல் இரண்டும் கோணலாக மடியில் கிடந்தன.

அத்தானுடைய வக்கீல் அந்த நகலை என்னிடம் நீட்டினார். "நீங்க இங்கிலீஷ் டீச்சர்தானே? இதை வாசிச்சு, கோர்ட்டுக்குத் தமிழ்ல அர்த்தம் சொல்லுங்க."

வாசித்தேன். "பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக நோயாளி தானே கூறுகிறார்."

அக்கா எழுந்தே விட்டாள். "இல்லங்கய்யா! நா அப்புடிச் சொல்லல. அவ சொன்னா, எந் தங்கச்சி சொன்னா, பூட்டுன்னு சொன்னா. அவளையே கேளுங்க." உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். தனக்குச் சாதகமாக ஒருத்தி நிற்கிறாள் என்ற தெம்பு அவள் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அந்த டாக்டர் எந்த ஊரில் இருக்கிறாரோ. யார் கேட்கப்போகிறார்கள்?

"நோயாளி ஒன்னும் சொல்லல," என்றேன். "அவ வாயத் தொறந்தா. நான் முந்திக்கிட்டு, அவ சொன்னதா நான் சொன்னேன். அவளுக்குப் புரியக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல சொன்னேன். அவர் பூட்டால அடிச்சார். அது எனக்குத் தெரியும்."

"அப்ப அரசாங்க டாக்டர்கிட்டப் பொய் சொன்னீங்க."

"சொன்னேன்."

"இப்ப சொல்றது உண்மைன்னு நாங்க எப்படி நம்புறது?"

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஓலையைச் சொன்னேன். ரசம் ஊற்றப் போன இடத்தில் கேலி செய்ததையும் சொன்னேன். ரேடியோ என்பதைச் சொல்லும்போது அத்தான் குனிந்து லேசாகச் சிரித்தார். அந்த எண்ணெய்த் தலையில் எதையாவது எடுத்துப் போட வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது. அக்கா பக்கம் நான் பார்க்கவே இல்லை.

மாஜிஸ்திரேட் சொன்னதை மட்டும் நன்றாகக் கேட்டேன். இந்தக் காகிதத்தையும் நம்ப முடியவில்லை, இந்த அம்மாவையும் நம்ப முடியவில்லை, பிள்ளையை நேரில் கொண்டுவாருங்கள், பிள்ளையிடமே கேட்கிறேன் என்றார். அடுத்த வாரம் மகள் வந்தாள். அவளைத் தனியாக உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதி எனக்கில்லை. அன்று சாயங்காலமே அவள் துணிப்பையோடு அக்காவிடம் வந்து சேர்ந்தாள்.

நான் சாட்சி சொன்ன அன்று கோர்ட்டிலிருந்து ஊருக்கு ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அக்கா முன்னால் ஏறி, சீட்டில் வலது ஓரமாக ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடம் கேட்காத காதின் பக்கம். அங்கே உட்கார்ந்தேன். ஊர் வரும்வரை ஏதேதோ பேசினேன், மன்னிப்புக்கூடக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளை அனுப்புவாள். போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா மகள் வாசலில் நின்றாள். அக்காவுக்குக் காது மெஷின் வைக்க மதுரையில் ஒரு டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தேன். அதற்குப் பதில் கொண்டுவந்திருந்தாள்.

"சித்தி, டாக்டர்ட்ட நீங்க ஒன்னும் பேச வேணாமாம். அம்மா அவுகளே போயிப் பேசிக்கிருவாகளாம். சொல்லச் சொன்னாக."

"இப்புடியேவா சொன்னா?"

பிள்ளை தரையைப் பார்த்தாள். "இல்ல சித்தி. கொஞ்சம் கொறச்சுத்தேன் சொன்னேன்."

அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "கொறைக்காத. யாரு சொன்னதயும் நீயாக் கொறைக்காத, கூட்டாத. அவ சொன்னத அப்புடியே சொல்லு."

அவள் அக்காவின் குரலிலேயே, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்.

"'அந்தப் பூட்ட அன்னைக்கி அவ வாயில போட்டிருந்தா எங் காது தப்பிச்சிருக்கும். இனி என் பேரச் சொல்லி அவ எங்குட்டும் வாயத் தொறந்தா, நானே அடிப்பேன்.'"

சரி, கேட்டுக்கிட்டேன்னு அம்மாட்டச் சொல்லு என்றேன். அவள் போனாள்.